பேய் வீட்டுக்குப் போறீங்களா? பேயா இருந்தவன் சொல்றேன் கேளுங்க

செப்டம்பர் பாதி தாண்டிட்டாலே நம்ம வாட்ஸ்அப் க்ரூப்ல ஆரம்பிச்சிடும், சென்டோசா போலாமா, யார் யார் வர்றீங்க, க்யூவைத் தாண்டிப் போற எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்கணுமா சாதா டிக்கெட்டே போதுமான்னு. சென்டோசா தீவுல இருக்கற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் பார்க்குல, பேய் வீடு போட்டு பயமுறுத்தற ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் 2011ல ஆரம்பிச்சது, கோவிட் சமயத்துல நின்னு மறுபடி வந்துச்சு, இப்ப கூட்டம் தாங்கல. எல்லாரும் எந்த வீடு பயங்கரம், எங்க க்யூ கம்மின்னுதான் பேசறாங்களே தவிர உள்ள போனா எப்படி நடந்துக்கணும்னு ஒருத்தரும் பேசறதில்ல. நான் பாலிடெக்னிக் படிக்கும்போது ரெண்டு சீசன் பார்ட் டைமா பேய் வேலை பாத்திருக்கேன். அது இந்த மாதிரி பெரிய பார்க் இல்ல, சின்ன இடம், பேர் வேணாம். எனக்குக் கிடைச்ச வேஷம் கிழவி. நரைச்ச விக், கிழிஞ்ச நைட்டி மாதிரி ஒரு கவுன், ஆடற நாற்காலி, மூணாவது ரூம். அந்த நாற்காலில உக்காந்து பாத்ததை வச்சுத்தான் இதை எழுதறேன், அதனால கொஞ்சம் பேய் பக்கம் சாஞ்சுதான் இருக்கும், பொறுத்துக்குங்க.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, பேய்க்கு உங்களை சரியா கண்ணே தெரியாது. முழு மாஸ்க் போட்டா கண்ணுக்கு நேரா அம்பது காசு அளவுல ரெண்டு ஓட்டை, அவ்வளவுதான். காலுக்குக் கீழ என்ன இருக்கு, பக்கத்துல யாரு நிக்கறாங்க எதுவும் தெரியாது, போதாததுக்கு ஃபாக் மெஷின் புகை, மின்னி மின்னி அணையற ஸ்ட்ரோப் லைட், காதுக்குப் பக்கத்துல ஸ்பீக்கர்ல அலறல் வேற. அதனால எல்லாத்தையும் கணக்குப் போட்டு வச்சிருப்போம். இந்தத் திரைய தாண்டி அவங்க ரெண்டு எட்டு வச்சதும் எழுந்திருக்கணும், மூணாவது எட்டுல ஒரு கை தூரத்துல போய் நிக்கணும், கத்திட்டு உடனே பின்னாடி வாங்கணும்னு. நீங்க நடந்து வருவீங்கங்கற நம்பிக்கைல போட்ட கணக்கு அது. ஓடி வந்தீங்கன்னா, கையை வீசிட்டு வந்தீங்கன்னா கணக்கு தப்பி என் மூக்கும் உங்க முழங்கையும் ஒரே இடத்துக்கு வந்துடும்.

வந்திருக்கு. ரெண்டாவது சீசன்ல ஒரு சனிக்கிழமை, நல்ல ஜிம் பாடி அண்ணன் ஒருத்தர், பின்னாடி கேர்ள்ஃப்ரண்ட். பயத்துல கை தானா வீசிடுச்சுன்னு அப்புறமா சொன்னார், ஆனா நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே முஷ்டிய மடக்கி வச்சிட்டு வந்ததை அந்த அம்பது காசு ஓட்டை வழியா நான் பாத்தேன். விக் தனியா நான் தனியா போய் விழுந்தோம். சூப்பர்வைசர் வந்து ஐஸ் குடுத்துட்டு, இன்னிக்கு ஆளு கம்மி இன்னும் ஒரு மணி நேரம் சமாளிச்சுடுன்னு சொன்னாரு பாருங்க, அது அடியை விட வலிச்சுது.

அதனால கைக்கு ஒரு வேலை குடுங்க. பயந்தா எனக்கு கை வீசற பழக்கம் இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சா (நிறைய பேருக்கு இருக்கு, தப்பில்ல) பை வாரைப் புடிச்சிக்குங்க, இல்ல கையைக் கட்டிக்குங்க, முன்னாடி போற நம்ம ஆளு தோளைப் புடிச்சிக்குங்க. ரிஃப்ளெக்ஸ்ல பட்டுடுச்சுன்னா ஒரு சாரி சொல்லிட்டு நகருங்க, அங்கயே நின்னு அய்யோ அடிபட்டுச்சான்னு மாஸ்க்கைத் தூக்கிப் பாக்க வராதீங்க. வேணும்னே அடிச்சா மட்டும் நேரா செக்யூரிட்டிதான், அதுக்கு மேல போலீஸ். பேய் வேஷம் போட்டிருந்தாலும் சட்டத்துக்கு அது ஒரு ஆளுதான்.

தொடற விஷயம். யூனிவர்சல் மாதிரி பெரிய இடங்கள்ல பேய் உங்களைத் தொடாது, நீங்களும் பேயைத் தொடக்கூடாது, இதுல ரெண்டாவது பாதியை நம்மாளுங்க மறந்துடறாங்க. விக்கைப் புடிச்சு இழுக்கறது, பொம்மையா ஆளான்னு கன்னத்தைக் கிள்ளிப் பாக்கறது, லேடீஸ் வேஷத்துல இருக்கறவங்க இடுப்புல கை வைக்கறது, இருட்டுல யாருக்குத் தெரியும்னு நினைப்பு. தெரியும். பல இடங்கள்ல இருட்டுல பாக்கற கேமரா இருக்கு. எல்லா ஊர்லயும் இதே ரூல்னும் இல்ல. அமெரிக்கால ஃபிலடெல்ஃபியால ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரின்னு 1829ல திறந்த பழைய ஜெயில் இருக்கு, அங்க ஹாலோவீன் ஷோல, என்னைத் தொட்டா பரவால்லன்னு சொல்றவங்களுக்கு மட்டும் கழுத்துல ஒளிர்ற மாலை மாதிரி ஒண்ணு மாட்டி விடுவாங்க, அதைப் பாத்துட்டுத்தான் பேய் கையைப் புடிச்சு இழுக்கும். இன்னும் சில எக்ஸ்ட்ரீம் இடங்கள்ல பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு, இந்த வார்த்தைய சொன்னா எல்லாம் நின்னுடும்னு ஒரு வார்த்தையும் சொல்லிக் குடுத்து அனுப்புவாங்க. எந்த ஊருக்குப் போனாலும் வாசல்ல போர்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நிமிஷம் படிங்க, டிக்கெட்டு வாங்கின கையோட செல்ஃபி எடுக்க ஓடாதீங்க.

அப்புறம் பேச்சு. நம்ம ஆளுங்க ஒரு தப்புக்கணக்கு போடுவாங்க, பேய்க்குத் தமிழ் தெரியாதுன்னு. ஒரு தடவை ஒரு ஃபேமிலி வந்துச்சு, அப்பா அம்மா, சித்தி, காலேஜ் போற வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு திரைகிட்டயே நின்னுடுச்சு, வர மாட்டேங்குது. அப்பா ரொம்ப தைரியமா முன்னாடி வந்து குனிஞ்சு என் மூஞ்சிக்கு நேரா பாத்துட்டு, "இது பொம்மைம்மா, பாரு, மூச்சே விடல, வா வா"ன்னாரு. நான் மூச்சைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பொண்ணு மெதுவா வந்து அப்பா பக்கத்துல நின்னதும் வாயை மட்டும் அசைச்சு, நல்லா கிழவிக் குரல்ல, "யாருடா பொம்மை?"ன்னு கேட்டேன். அப்பா அந்த ரூம்ல இல்ல. எப்படிப் போனார்னே தெரியல, செருப்பு ஒண்ணு கிடந்துச்சு. பொண்ணு சுவத்துல சாஞ்சு சிரிச்ச சிரிப்பு இருக்கே, அன்னிக்கு வாங்கின சம்பளம் அதுதான்.

இது நல்ல கதை. கெட்ட கதையும் இருக்கு, என் கூட வேலை பாத்த ஒரு தமிழ்ப் பொண்ணு நர்ஸ் வேஷம், அவங்க உடம்பைப் பத்தி நம்ம பசங்க தமிழ்ல சத்தமா பேசிட்டே போவாங்க, புரியாதுன்னு. ஒவ்வொரு வார்த்தையும் புரியும், ஆனா வேஷத்தை விட்டு வெளிய வந்து பதில் சொல்ல முடியாது. பேர் விஷயத்துலயும் ஜாக்கிரதை, "ப்ரியா பயப்படாதடி"ன்னு நீங்க ஒரு ரூம்ல கத்தினா அடுத்த ரூம்ல இருக்கற பேய் இருட்டுல இருந்து "ப்ரியாஆஆ"ன்னு கூப்பிடும், சுவரு வெறும் ப்ளைவுட் தானே, எல்லாம் கேக்கும். ஃப்ரெண்டை மாட்டி விடணும்னா இதை விட நல்ல வழி இல்ல, ஆனா அவங்க அதுக்கு ஒத்துக்கற ஆளான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

நடக்கற வேகம்தான் முக்கியம், இதை யாரும் மரியாதைன்னே நினைக்கறதில்ல. ஒரு ஸ்கேர், அதாவது ஒரு பயமுறுத்தல், முடிஞ்சதும் பேய் திரும்பவும் ஒளியணும், கதவை மூடணும், லைட்டு சவுண்டு பட்டனை மறுபடி ரெடி பண்ணணும், அதுக்கு சில வினாடி வேணும். நீங்க முன்னாடி போற க்ரூப் முதுகோட ஒட்டிட்டே போனீங்கன்னா அவங்களுக்கு வந்த ஸ்கேரை நீங்க பின்னாடி இருந்து பாப்பீங்க, உங்களுக்குன்னு வர்றப்ப பேய் முதுகைக் காட்டிட்டு உள்ள போயிட்டிருக்கும். அப்புறம் வெளிய வந்து, ஒண்ணுமே பயமா இல்ல, காசு வேஸ்ட்டுன்னு ரிவ்யூ. ரொம்பக் கூட்டமா இருக்கற ராத்திரி பெரிய பார்க்குல வரிசை அறுபடாம ரயில் பெட்டி மாதிரி போயிட்டே இருக்கும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா ஒரு நாலஞ்சு எட்டு இடைவெளி விட முடிஞ்சா விடுங்க. அதுக்காக ஒரே இடத்துல கல்லு மாதிரி நின்னுடவும் கூடாது. பின்னாடி பயந்து ஓடி வர்றவங்க உங்க மேல மோதுவாங்க, அப்புறம் ஒருத்தர் கால ஒருத்தர் மிதிச்சு விழுந்து, நான் பாத்ததுல பாதி அடி பேயால இல்ல, இதாலதான். பயமா இருந்தா சுவரோரமா மெதுவா நடந்துக்கிட்டே இருங்க, நிக்காதீங்க, பின்னாடியும் போகாதீங்க.

இன்னொண்ணு, பயந்தாங்கொள்ளிய முன்னாடி தள்ளி கேடயமா புடிச்சிட்டு வர்றது. இது பாக்க சிரிப்பா இருக்கும், எங்களுக்கும் குஷிதான், ஆனா தள்ளும்போது அவங்க நேரா செட் சாமான் மேல போய் விழறாங்க. போதாததுக்கு முன்னாடி போறவங்களுக்குத்தான் எல்லாம் வரும்னு ஒரு நினைப்பு. மொத ஆளை விட்டுட்டு நடுவுல வர்ற ஆளைப் புடிக்கறதுதான் எனக்குப் பிடிக்கும், நடுவுல கத்தினா முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் கத்துவாங்க.

ஃபோனை உள்ள எடுக்காதீங்கன்னு சொன்னா ஏதோ பரீட்சை ஹால் மாதிரி சலிச்சுக்கறாங்க. காரணம் சொல்றேன். இந்த வீடுங்கள்ல பாதி வித்தை வெளிச்சத்தை வச்சுத்தான். 1862ல லண்டன்ல ஜான் ஹென்றி பெப்பர்னு ஒருத்தர் மேடைல பேய் காட்டினார், ஹென்றி டர்க்ஸ்ங்கறவர் யோசனைய எடுத்து எளிமையாக்கினது அது. ஒரு பெரிய கண்ணாடிய சாய்ச்சு வச்சு, பார்வைல படாத இடத்துல ஒரு ஆளு மேல லைட் அடிச்சா, அந்த ஆளோட பிம்பம் மேடைல ஆவி மாதிரி நிக்கும். லைட்டைக் குறைச்சா ஆவி மறைஞ்சிடும். பெப்பர்ஸ் கோஸ்ட்னு பேர், 1969ல திறந்த கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் ஹான்டட் மேன்ஷன்ல பால்ரூம்ல ஆடற பேயெல்லாம் இந்த வித்தைதான், இன்னிக்கும் ஓடுது. இப்ப நீங்க ஃபிளாஷ் அடிச்சா அந்தக் கண்ணாடில பட்டு வெள்ளையா தெறிக்கும், ஆவியும் போச்சு ரூமும் போச்சு. கூடவே இருட்டுக்குப் பழகின எங்க கண்ணு ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணுமே தெரியாம போயிடும், அடுத்த க்ரூப் வந்துட்டே இருக்கும், நான் குருட்டுக் கிழவியா நிப்பேன். ஃபோட்டோ வேணுமா, வெளிய சுத்தற பேயுங்க நிறைய இருக்கும், அவங்ககிட்ட ஃபிளாஷ் இல்லாம எடுத்துக்குங்க.

லைட்டர், சிகரெட் பத்தி மட்டும் நான் விளையாட்டுக்குப் பேச மாட்டேன். 1984 மே 11ஆம் தேதி, அமெரிக்கால நியூ ஜெர்சில சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பார்க்குல ஹான்டட் காசில்னு ஒரு பேய் வீடு எரிஞ்சு எட்டு டீனேஜ் பசங்க செத்துப் போனாங்க. ட்ரெய்லர் பெட்டிங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டின வீடு, தீ புடிச்சா தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் கிடையாது. இருட்டுல வழி தெரியறதுக்கு ஒரு பையன் லைட்டரைப் பத்த வச்சான், சுவத்துல ஒட்டியிருந்த ஃபோம்ல தீ புடிச்சுதுன்னு விசாரணைல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அங்க இந்த மாதிரி கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளர், அலாரம்னு ரூல் இறுகிச்சு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1979ல சிட்னி லூனா பார்க்குல கோஸ்ட் ட்ரெயின் எரிஞ்சதுல ஏழு பேர், அதுல ஆறு பேர் சின்னப் பசங்க. அதனால உள்ள திடீர்னு எல்லா லைட்டும் எரிஞ்சு சவுண்டு நின்னா அது ஷோ இல்ல, அந்த இடத்துலயே நின்னு ஸ்டாஃப் சொல்றதைக் கேளுங்க. சும்மா ஜாலிக்கு தீ தீன்னு கத்தறவங்களை நான் பாத்திருக்கேன், அவங்களோட எல்லாம் சேந்து போகாதீங்க.

என்ன போட்டுட்டுப் போறதுன்னு அக்காமார் கேப்பீங்க. மூடின ஷூ, அவ்வளவுதான் ரூல். ஸ்லிப்பர் போட்டுட்டு வந்தா அந்த அப்பா கதிதான். துப்பட்டாவை வீட்டுலயே வச்சிடுங்க, ஆணில மாட்டி கழுத்தை இழுத்ததை ஒரு தடவை நான் பாத்து பேயை விட நான் அதிகமா கத்தினேன். நீள முடிய பின்னிக்குங்க, பையை முன்னாடி மாட்டிக்குங்க. ஹாலோவீன்தானேன்னு நீங்களும் வேஷம் போட்டுட்டுப் போகாதீங்க, யூனிவர்சல்ல விசிட்டருங்க காஸ்ட்யூம் மாஸ்க் போட்டா உள்ள விட மாட்டாங்க, யாரு ஸ்டாஃப் யாரு விசிட்டர்னு தெரியாமப் போயிடும்ல. ஆஸ்துமா இருக்கறவங்க இன்ஹேலரை கைல வச்சுக்குங்க, ஃபாக் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். வலிப்பு வர்றவங்க ஸ்ட்ரோப் லைட் பக்கமே போகாதீங்க, கர்ப்பிணிங்களும் வேணாம், தைரியம் பத்தின விஷயமே இல்ல இது.

குழந்தைங்க. சிங்கப்பூர்ல 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வேணாம்னு சொல்றாங்க, அமெரிக்கால ஆர்லாண்டோ யூனிவர்சல்ல 13. இது அறிவுரைதான், அதனால நம்ம மக்கள் ஏழு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்துடறாங்க. என் ரூமுக்கு அப்படி வந்த ஒரு குட்டி என்னைப் பாத்ததும் கத்தவே இல்ல, அப்படியே வெறைச்சுப் போச்சு, வாய் மட்டும் திறந்திருக்கு. அப்பா சிரிச்சிட்டே வீடியோ எடுக்கறாரு. நான் விக்கைக் கழட்டி, "கண்ணா, அண்ணன்டா நானு, சும்மா வேஷம்"னு காட்டினேன், ரூல்படி அது தப்பு, திட்டு வாங்கினேன், மறுபடியும் அதையேதான் பண்ணுவேன். பிள்ளை வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, ஒருத்தர் வெளிய நின்னு பாத்துக்குங்க, அப்புறம் மாத்திக்குங்க. பெரியவங்களுக்கும் இதேதான். பாதில முடியலன்னா வெளிய போறதுக்கு வழி இருக்கும், டார்ச்சோட கருப்பு டீஷர்ட்ல ஒரு ஸ்டாஃப் நிப்பாங்க, நேரா அவங்களைப் பாத்து போதும்னு சொல்லுங்க. அமெரிக்கால அந்தக் கதவுக்கு கேலியா கோழிக் கதவுன்னு பேர். ஜப்பான்ல ஃபூஜி-க்யூ ஹைலேண்ட்ல ஆஸ்பத்திரி மாதிரி ஒரு பேய் வீடு, நடக்கற தூரமே 900 மீட்டர் கிட்ட, அதுல நடுநடுவுல கைவிட்டுட்டுப் போறதுக்குன்னே கதவு வச்சிருக்காங்க. வெளிய வந்தவனை அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு க்ரூப்ல ஓட்டாதீங்க.

வெளிய திறந்த இடத்துல சுத்தற பேயுங்களுக்கு வேற ஒரு ஆபத்து இருக்கு. கலிஃபோர்னியால நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்னு ஒரு பார்க், 1973லயே ஹாலோவீனுக்கு பேய்களை இறக்கினாங்க, அங்க ஆரம்பிச்ச ஒரு பழக்கம்தான் ஸ்லைடிங், முட்டில பேட் கட்டிட்டு ஓடி வந்து தரையோட சறுக்கிட்டு உங்க கால் கிட்ட வந்து நிக்கறது, கையுறைல இருக்கற தகடு தரைல உரசி தீப்பொறி பறக்கும். பாக்க சூப்பரா இருக்கும், ஆனா அவங்களால திடீர்னு நிறுத்த முடியாது. வேடிக்கை பாக்கறவங்கள்ல சிலது வேணும்னே காலை நீட்டும். சறுக்கற இடம்னு தெரிஞ்சா ஓரமா நில்லுங்க, ஸ்ட்ரோலரை நடுவுல விடாதீங்க.

க்யூவைப் பத்தி சிங்கப்பூர்ல சொல்லணுமான்னு நினைப்பீங்க, சொல்லணும். ஒருத்தரை நிக்க வச்சிட்டு பத்து பேரு பர்கர் சாப்பிட்டுட்டு வந்து நடுவுல சேந்துக்கறது, டிஷ்யூ பாக்கெட் வச்சு சீட்டு புடிச்சு வைக்கற ஃபுட் கோர்ட் இல்ல அது, பின்னாடி நிக்கறவங்க ஒரு மணி நேரமா நிக்கறாங்க. தண்ணிய வெளியவே குடிச்சு முடிச்சிடுங்க. பியர் போட்டுட்டு உள்ள போறவங்களுக்கு ஒரே வார்த்தை, வேணாம், வாந்தி எடுத்தா தொடைக்கறது அந்த ரூம் பேயும்தான்.

நடுவுல ஒண்ணு ஞாபகம் வருது. இங்க ஏழாம் மாசம், சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கற மாசத்துல, அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழ கெத்தாய் பாட்டுக் கச்சேரி போடுவாங்கல்ல, அதுல மொத வரிசை நாற்காலிங்க காலியாவே இருக்கும். அது அவங்களுக்கு, கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு. எவ்வளவு கூட்டம்னாலும் அதுல யாரும் உக்கார மாட்டாங்க. எங்கம்மா நான் பேய் வேலைக்குப் போறேன்னதும், காலி நாற்காலிக்கே அவ்வளவு மரியாதை குடுக்கற ஊருடா, நீ என்னடா நாற்காலில உக்காந்து வேஷம் கட்டறன்னு திட்டிட்டு, ராத்திரி வந்தா குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்னுட்டாங்க. ரெண்டு மணிக்குக் குளிப்பேன்.

உள்ள போய் எங்களை கிண்டல் பண்றவங்களும் உண்டு, "ஹாய் பாட்டி, சாப்டீங்களா"ன்னு. அது ஓகே, நல்லா இருந்தா நாங்களே விளையாடுவோம். ஆனா திரை பின்னாடி எட்டிப் பாத்து, ஏய் இங்க ஒருத்தன் நிக்கறான் பாருன்னு அடுத்த க்ரூப்புக்கு சொல்லிட்டுப் போறது, எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு வெளிய க்யூல நிக்கறவங்ககிட்ட ரூம் ரூமா விவரிக்கறது, அது அவங்க காசு, நீங்க ஏன் செலவு பண்றீங்க. பயம் வரலன்னா சும்மா நடந்து போயிடுங்க, நாங்க அடுத்தவங்களைப் பாத்துக்கறோம்.

வெளிய வந்ததும் வாசல்லயே நின்னு கட்டிப் புடிச்சு அழுதுட்டு சிரிச்சிட்டு வீடியோ எடுக்காம கொஞ்சம் தள்ளிப் போங்க, பின்னாடி இன்னும் ஓடி வந்துட்டிருப்பாங்க. கடைசி எம்ஆர்டி ரயில் டைம் பாத்து வச்சுக்குங்க, விட்டா டாக்சிக்கு இன்னொரு டிக்கெட் காசு ஆகும். முடிஞ்சா ஸ்டாஃப்கிட்ட, எந்த வீடு, எத்தனாவது ரூம், என்ன வேஷம்னு சொல்லி, நல்லா பண்ணாங்கன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. எங்க இடத்துல அதை ராத்திரி முடிஞ்சதும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் படிப்பாரு, மேக்கப் பாதி அழிஞ்ச மூஞ்சியோட மைலோ குடிச்சிட்டே கேப்போம். எனக்கு ரெண்டு சீசன்ல மூணு வந்துச்சு. ஒண்ணுல இவ்வளவுதான் இருந்துச்சு, மூணாவது ரூம் பாட்டிக்கு, என் அப்பா செருப்பு கிடைச்சா தயவுசெஞ்சு கவுண்டர்ல குடுத்துடுங்க.